தன்னை எழுதிப் பார்த்தல்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

கல்லூரி மலருக்குக் கட்டுரை எழுத முற்படும் நம்மில் பலர், பிறர்க்கு அறிவுரை கூறவே எழுதுகோலை எடுக்கிறோம். காலத்தின் அருமை, உழைப்பின் உயர்வு, ஒழுக்கத்தின் மேன்மை ஆகியவை பற்றி எழுதுவது எளிது. ஆனால், தான் எவ்வாறு சிறிது சிறிதாகத் திருந்தி வருகிறோம் என்பதை ஒருவன் உள்ளபடி எழுதுவது அரிது. சென்ற ஆண்டு நானும் 'உழைப்பே உயர்வு' என்றொரு கட்டுரை கொடுத்தேன். மலர்க் குழுவிலிருந்த பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. ஆனால் இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டுத் திருப்பித் தந்தார். அன்று மனம் வருந்தினேன். அவ்வினாவிற்கு விடை தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

கட்டுரை என்பது முயற்சி

ஆங்கிலத்தில் 'எஸ்ஸே' என வழங்கும் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. 'முயன்று பார்த்தல்', 'சோதித்துப் பார்த்தல்' என்பன அதன் பொருள்கள். அப்பெயரை இவ்விலக்கிய வகைக்குச் சூட்டியவர் பிரான்சு நாட்டு மாண்டேன் (1533–1592). 1571-ஆம் ஆண்டில் நீதிமன்றப் பணியிலிருந்து விலகிய அவர், தம் மாளிகைக் கோபுரத்தில் அமைந்த நூலகத்தில் அமர்ந்து தம்மையே ஆராய்ந்து எழுதலானார். முதற்பதிப்பு 1580-இல் வெளிவந்தது. அச்சான பின்னரும் அவர் அதை முடிந்த நூலாகக் கருதவில்லை. 1588-ஆம் ஆண்டுப் பதிப்பின் ஓரங்களில் இறுதிக்காலம் வரை புதியன சேர்த்து எழுதிவந்தார். மனிதன் மாறிக்கொண்டே இருப்பவன். ஆதலின் அவனைப் பற்றிய எழுத்தும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

பதின்மூன்று பக்கங்கள்

அமெரிக்கப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் இதனை ஒரு கணக்குப் போலவே செய்து பார்த்தார். பதின்மூன்று நற்பண்புகளைத் தேர்ந்து, சிறு குறிப்பேட்டில் பண்புக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு கட்டங்கள். தவறிய நாளில் ஒரு கரும்புள்ளி. வாரம் ஒரு பண்பில் சிறப்பாகக் கருத்தூன்றினால் பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டிற்கு நான்கு சுற்று.

இத்திட்டத்தைவிட, அதன் தோல்வியை அவர் எழுதிய விதமே என்னைக் கவர்ந்தது. 'ஒழுங்கு' என்னும் பண்பு தமக்குக் கடைசிவரை கைகூடவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். கோடரியின் முகம் முழுதும் பளபளக்க வேண்டும் என்று கொல்லரிடம் கேட்டு, சாணைச் சக்கரத்தைச் சுற்றிக் களைத்து, புள்ளி விழுந்த கோடரியே போதும் என்று எடுத்துச் சென்றவனின் கதையைச் சொல்லி, அவனோடு தம்மை ஒப்பிட்டுக் கொள்கிறார். ஆயினும், முயலாமல் இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையைவிடத் தாம் சிறந்தவராகவும் மகிழ்ச்சியுடையவராகவும் ஆனதாகக் கூறுகிறார். இப்பகுதியை அவர் எழுதியது 1784-இல். அப்போது அவர்க்கு வயது எழுபத்தெட்டு.

பத்தொன்பது சில்லிங் தொப்பி

இவ்வகை எழுத்திற்கு நம் நாட்டில் தலைசிறந்த சான்று காந்தியடிகளின் 'சத்திய சோதனை'. அது 1925 நவம்பர் முதல் 1929 பிப்ரவரி வரை 'நவஜீவன்' வார இதழில் குஜராத்தி மொழியில் தொடராக வெளிவந்தது. நாடே தலைவராகப் போற்றிய ஒருவர், வாரந்தோறும் தம் குறைகளை வாசகர் முன் வைத்தார்.

சட்டம் பயில 1888-இல் இலண்டன் சென்ற இளைஞர் காந்தி, ஆங்கிலக் கனவானாகத் தோன்ற விரும்பினார். பத்தொன்பது சில்லிங்கிற்குத் தொப்பி வாங்கினார், பத்துப் பவுனுக்கு மாலை உடை தைத்தார், நடனம் பயின்றார், மூன்று பவுன் கொடுத்து வயலின் வாங்கினார். ஏறத்தாழ மூன்று மாதங்களில் இம்மயக்கம் தெளிந்தது. எனினும், உடையில் காட்டிய அளவுகடந்த அக்கறை பல ஆண்டுகள் தம்மை விட்டு நீங்கவில்லை என்றும் அவர் எழுதுகிறார். அவ்வரியை எழுதாமல் விட்டிருந்தால் எவரும் அறியார். எழுதியதனாலேயே அவர் தெளிவு பெற்ற கதையை நாம் நம்புகிறோம்.

என் குறிப்பேடு

அறிவியல் மாணவனாகிய எனக்கு இஃது ஓர் உண்மையை உணர்த்திற்று. முதலாண்டுச் செய்முறை வகுப்பில் தனி ஊசல் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் கண்டோம். நூறு செ.மீ. நீள ஊசலின் இருபது அலைவுக்கு 38.1 நொடி எனக் கிடைத்தது. கணக்கிட்டால் விடை 1088, வரவேண்டியது 980. நான் அஞ்சி, நேரத்தை 40.1 என மாற்றி எழுதிவிட்டேன். ஊசலை விடும்போதே 'ஒன்று' என எண்ணத் தொடங்கியதால் பத்தொன்பது அலைவை இருபதாகக் கொண்டேன் என்பது ஓராண்டு கழித்தே விளங்கிற்று. தவறான அளவீட்டை மறைக்காதிருந்தால் அன்றே கற்றிருப்பேன்.

வாழ்க்கையிலும் ஓர் அளவீட்டை மாற்றி எழுதியிருந்தேன். என் தந்தையார் நெல் மண்டியில் மூட்டை தூக்குபவர். விடுதி நண்பர்களிடம் "அப்பா நெல் வியாபாரம்" என்று கூறியிருந்தேன். முதன்முறை அவர் முறுக்குப் பொட்டலத்துடன் என்னைக் காண வந்தபோது, வாயிற்புறத்து வேப்பமரத்தடியிலேயே பேசி அனுப்பிவிட்டேன். அடுத்த முறை விடுதித் திண்ணை வரை அழைத்து வந்தேன். மூன்றாம் முறை அறைக்கே அழைத்துச் சென்று, "எங்கள் அப்பா" என்று நண்பர்களுக்கு அறிமுகம் செய்தேன். என்ன வேலை செய்கிறார் என்பதை அப்போதும் சொல்லவில்லை. இங்கேதான் முதன்முறையாகச் சொல்கிறேன். 'உழைப்பே உயர்வு' எழுதிய மாணவன் தன் வீட்டு உழைப்பையே மறைத்தவன். பேராசிரியரின் வினாவிற்கு இதுவே விடை.

எழுத விரும்புவோர்க்கு

தன்வளர்ச்சி பற்றி எழுத விரும்பும் நண்பர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ளலாம். முதலாவது, பெரிய வெற்றி வரும்வரை காத்திருக்க வேண்டா. வாயிலிலிருந்து திண்ணை வரையுள்ள தொலைவும் வளர்ச்சியே. இரண்டாவது, பொதுக் கருத்தை விடுத்து, ஒரு நாள், ஓர் இடம், ஒரு செயல் என எழுதுக. மூன்றாவது, இன்னும் திருந்தாததையும் சேர்த்து எழுதுக. நான்காவது, நம் குறையை எழுதும் உரிமை நமக்கு உண்டு. பிறர் குறையை வெளியிடும் உரிமை இல்லை. இறுதியாக, தன்னைப் பழித்துக்கொண்டே போவதும் ஒருவகைப் பெருமையே. ஆய்வகத்தில் அளவீட்டைக் குறிப்பது போல, கூட்டாமல் குறைக்காமல் குறித்தால் போதும்.

முடிவுரை

இம்மலர் வெளிவந்ததும் ஒரு படியை வீட்டிற்கு எடுத்துச் செல்வேன். என் தந்தையார்க்குப் படிக்கத் தெரியாது; நான்தான் படித்துக் காட்ட வேண்டும். வேப்பமரத்தடி பற்றிய வரியைத் தாண்டிச் செல்லாமல் படிக்க இயலுமா என்பதே நான் அடுத்துச் செய்ய வேண்டிய சோதனை.