பெயர் யாருடையது, பணம் யார் கையில்?

அன்புள்ள மகளுக்கு,

அரசின் நலத்திட்ட அறிக்கை எதைப் புரட்டினாலும் ஒரு வரி தவறாமல் கண்ணில் படும்: பயனாளிகளில் இத்தனை விழுக்காடு பெண்கள். பாலினச் சமத்துவம் என்ற தலைப்பை அந்த ஒரு வரியோடு முடித்துவிடுகிற அறிக்கைகளும் உண்டு. சமூகப் பாதுகாப்புத் திட்டங்களை ஆராயப் புறப்பட்டிருக்கும் நீ முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த வரியைத்தான். அது பொய் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் கணக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் திட்டம் எத்தனை பெண்களைப் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. சேர்ந்த பிறகு பெண்ணுக்கும் அவள் வீட்டு ஆணுக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வு கொஞ்சமாவது குறைந்ததா என்பதைச் சொல்வதில்லை. அதை அறிய வேண்டுமானால் கணக்கெடுப்பு வாசலோடு நின்றுவிடக் கூடாது, வீட்டுக்குள் போக வேண்டும். இந்தக் கடிதம் முழுவதும் நான் வாதிடப் போவது இதைத்தான்.

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்வோம். 2005ல் சட்டமாகி 2006 பிப்ரவரியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், வேலை பெறுவோரில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டமே சொன்னது. நாடு முழுவதும் அந்தப் பங்கு பாதியைத் தாண்டியது. தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் 80 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. பெரிய வெற்றிதானே என்று தோன்றும். ஏன் அவ்வளவு பெண்கள் வந்தார்கள் என்று கேட்டுப் பார். ஆணுக்கும் பெண்ணுக்கும் அங்கே ஒரே கூலி. களையெடுப்புக்கும் நடவுக்கும் பெண்ணுக்குக் கிடைத்துவந்த கூலியைவிட அது மேலானது. கட்டட வேலைக்கோ டவுனுக்கோ போகிற ஆணுக்குக் கிடைப்பதைவிட அது குறைவு. ஆகவே ஆண்கள் வெளியே போனார்கள், பெண்கள் ஏரி தூர்வார வந்தார்கள். உழைப்புக்கு நியாயமான விலை கிடைத்ததும் உண்மை, அவளுக்குப் போக வேறு வேலை இல்லாததும் உண்மை. இரண்டும் சேர்ந்துதான் அந்த 80 விழுக்காடு. இந்த இரண்டையும் பிரித்தறிய வேலைக்கு வந்தவர்களின் பட்டியல் உதவாது. அந்த ஊரில் பெண்ணின் வயல் கூலிக்கும் ஆணின் வயல் கூலிக்கும் இடையே இருந்த வித்தியாசம் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். அது குறைந்திருந்தாலும், பெண் கூலி உயர்ந்ததால் குறைந்ததா, ஆண் கூலி சரிந்ததால் குறைந்ததா என்று இன்னொரு முறை பார்க்க வேண்டும். இருவரும் ஒன்றாக ஏழையாவதும் கணக்கில் சமத்துவம்போலவே தெரியும்.

அதே சட்டத்தில் இன்னொரு விதி இருந்தது. வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நியமித்து அவருக்கும் கூலி தர வேண்டும். நல்ல விதிதான். குழந்தைகளை வேலைத்தளத்துக்குக் கொண்டுவராத தாய்மார்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அந்தக் குழந்தையை வீட்டில் பார்த்துக்கொண்டது யார்? பாட்டியா, அல்லது பள்ளிக்கு மட்டம் போட்ட பத்து வயது அக்காவா? அக்கா என்றால், தாய்க்குக் கிடைத்த வேலைநாளின் செலவை ஒரு சிறுமி சுமந்திருக்கிறாள். வேலை அட்டையில் பெயர் இல்லாத அவளையும் அளவுகோலுக்குள் கொண்டுவராமல் அந்தக் குடும்பத்துக்கு நன்மை நடந்தது என்று எழுதுவது அரைக் கணக்கு.

குடும்பம் என்பதை ஒரே அலகாக எண்ணிப் பழகியதால் வருகிற குறை இது. குடும்ப அட்டை, குடும்ப வருமானம், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பம் என்று நம் நிர்வாகத்தின் கணக்கெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. வீட்டுக்குள் வந்த பணம் எல்லோருக்கும் சமமாகப் பாயும் என்பது அதன் அடியில் கிடக்கும் நம்பிக்கை. மத்தியப் பிரதேசத்தின் வடபகுதியில் எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே உள்ளிட்ட பொருளியலாளர்கள் 197 ஊராட்சிகளில் இந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். அப்போது அங்கே நூறு நாள் வேலைக் கூலி பெரும்பாலும் குடும்பத் தலைவரான ஆணின் கணக்கில்தான் விழுந்தது. ஆய்வாளர்கள் பெண்கள் பெயரில் கணக்குத் திறக்க உதவினார்கள். சில ஊர்களில் கணக்கு மட்டும், சில ஊர்களில் கூலி நேராக அதில் விழும் ஏற்பாடு, சில ஊர்களில் அதைக் கையாளப் பயிற்சியும். 2021ல் வெளியான முடிவு கவனிக்கத்தக்கது. பாஸ்புக் மட்டும் வாங்கிய பெண்களைவிட, கூலியும் நேராக விழுந்து பயிற்சியும் பெற்றவர்கள் அரசு வேலைக்கும் வெளிவேலைக்கும் அதிகமாகப் போனார்கள். கணவன் எதிர்ப்பால் முன்பு வேலைக்கே போகாமல் இருந்தவர்களிடம் இந்த மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. பெண் வேலைக்குப் போவதைப் பற்றிய அந்தப் பெண்களுடைய கருத்தே மாறியது. கணக்குத் திறந்த பெண்கள் இத்தனை பேர் என்று மட்டும் எண்ணியிருந்தால் எல்லா ஊர்களும் ஒன்றுபோலவே தெரிந்திருக்கும்.

பணம் யார் கையில் விழுகிறது என்ற சண்டை பழையது. பிரிட்டனில் 1945ல் குடும்பப்படிச் சட்டம் வந்தபோது, படியைத் தந்தையிடம் தருவது என்றுதான் அரசின் முதல் வரைவு இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் எலினார் ராத்போன் போராடித்தான் அது தாயின் கைக்குப் போனது. 1970களின் இறுதியில், தந்தையின் சம்பளத்தில் கிடைத்துவந்த குழந்தைகளுக்கான வரிச்சலுகையும் நீங்கி, தாய்க்குத் தரும் குழந்தைப் படியாக மாறியது. அதை ஒட்டிப் பெண்கள், குழந்தைகளின் துணிச் செலவு ஆண்களின் துணிச் செலவோடு ஒப்பிட உயர்ந்ததைப் பின்னாளில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தென்னாப்பிரிக்காவில் முதியோர் ஓய்வூதியம் கறுப்பின மக்களுக்கும் முழுமையாக விரிந்தபோது, பாட்டி வாங்கிய பணம் பேத்தியின் உடல் எடையில் தெரிந்தது, தாத்தா வாங்கிய பணம் தெரியவில்லை என்று எஸ்தர் டுஃப்லோ கண்டறிந்தார்.

இந்தச் சான்றுகளை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு இவற்றில் ஒரு நெருடல் உண்டு. இவை எல்லாமே பெண்ணிடம் தந்த பணம் குழந்தைக்கு நல்லது என்பதை நிறுவுகின்றன. பெண்ணுக்கு என்ன ஆயிற்று? மெக்சிகோவில் 1997ல் தொடங்கிய புரோகிரெசா திட்டம் தாயின் கையில் பணம் தந்தது, உயர்வகுப்புகளில் பெண்பிள்ளைகளுக்குக் கூடுதல் உதவித்தொகை தந்தது, பெண்பிள்ளைகளின் இடைநிலைப் பள்ளிச் சேர்க்கையும் நன்றாக உயர்ந்தது. ஆனால் அந்தப் பணத்துக்காகத் தாய் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது, விளக்கக் கூட்டங்களில் உட்கார வேண்டியிருந்தது, நிபந்தனைகள் நிறைவேறியதைக் காட்ட வேண்டியிருந்தது. இந்தப் பொறுப்புகள் பெரும்பாலும் தாயின்மேல்தான் விழுந்தன. வறுமை ஒழிப்பு தாய்மாரை வேலை வாங்குகிறது என்று மேக்சின் மாலினோ எழுதியது இதைப் பற்றித்தான். பள்ளிச் சேர்க்கையை மட்டும் அளந்தவருக்கு இது வெற்றி. தாயின் நேரத்தையும் அளந்திருந்தால் வெற்றியின் பக்கத்தில் ஒரு கடனையும் எழுத வேண்டியிருந்திருக்கும்.

நேரத்தை அளக்க முடியுமா என்று கேட்பாய். முடியும்; இந்தியாவே அளந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டுவேலை செய்த பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். அதே வேலை செய்த ஆண்கள் 97 நிமிடம். அதைச் செய்த ஆண்களே நாலில் ஒருவர்தான். ஒரு திட்டம் இந்த 299ஐக் குறைத்ததா, அதன்மேல் இன்னும் ஏற்றியதா என்பது என் பார்வையில் பெண் பயனாளி விழுக்காட்டைவிட முக்கியமான எண்.

சரி, பணத்தின்மேல் கட்டுப்பாடு? தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தாங்களே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு உள்ள பெண்கள் 78.6 விழுக்காடு, நான்காம் சுற்றில் 53தான். நல்ல பாய்ச்சல். ஆனால் எப்படிச் செலவழிப்பது என்று தானே தீர்மானிக்கக்கூடிய பணம் உனக்கு உண்டா என்ற கேள்விக்கு அதே ஐந்தாம் சுற்றில் ஆம் என்றவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர். கணக்குக்கும் காசுக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியில்தான் உன் ஆய்வு உட்கார வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு வரும் பதிலை நம்பலாமா? சேர்ந்து எடுக்கிறோம் என்று ஒரு பெண் சொன்னால் அது ஒற்றுமையா, அடங்கிப் போவதா? வெளிநாடு போன கணவனின் வீட்டில் எல்லா முடிவையும் தானே எடுக்கும் பெண்ணுக்கு அது அதிகாரமா, பாரமா? வங்கதேசத்தில் இதே கேள்வி பெரிய விவாதமானது. பெண்கள் பெயரில் தரப்பட்ட சிறுகடனைப் பெரும்பாலும் ஆண்களே கையாள்கிறார்கள் என்று 1996ல் கோட்சும் ரீனா சென் குப்தாவும் எழுதினார்கள். கடன் வாங்கிய பெண்களிடமே விரிவாகப் பேசிய நைலா கபீர், குடும்பத்துக்குப் பணம் தங்கள் வழியாக வருவதே தங்கள் மதிப்பை உயர்த்தியதாகப் பலர் சொன்னதைக் காட்டினார். இரு தரப்பினரும் நேர்மையாகவே அளந்தார்கள். எடுத்துக்கொண்ட அளவுகோல் வேறு. ஆகவே யார் முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்வியைத் தூக்கிப்போடாதே, அதை மட்டுமே நம்பவும் நம்பாதே. கடைசியாக உனக்கென்று வாங்கியது எது, யாரிடம் கேட்டு வாங்கினாய், கடன் கொடுக்க மறுத்ததுண்டா என்று நடந்ததைக் கேள். நடந்ததைச் சொல்வது கருத்தைச் சொல்வதைவிடப் பெண்களுக்கு எளிது.

வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பது அரசின் வேலையா என்ற மறுப்பும் வரும். அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் குடும்பநல ஆய்வில் வன்முறை பற்றிய கேள்விகளை வீட்டுக்கு ஒரு பெண்ணிடம், வேறு யாரும் இல்லாத இடத்தில் மட்டும் கேட்கிறார்கள். செலவு அதிகம் என்பது அவ்வளவு வலுவான மறுப்பல்ல. எல்லோரையும் கேட்க வேண்டியதில்லை. புரோகிரெசாவில் 506 ஊர்களை எடுத்து, 320ல் முதலிலும் 186ல் பிறகும் திட்டத்தைத் தொடங்கி, இடைப்பட்ட காலத்தை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தினார்கள். எப்படியும் படிப்படியாகத்தான் ஒரு திட்டம் ஊர் ஊராகப் போகும். அந்த வரிசையைத் திட்டமிட்டால் போதும்.

நம் தமிழ்நாட்டு மகளிர் உரிமைத் தொகைக்கு வருகிறேன். 2023 செப்டம்பர் 15 அன்று, ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று தொடங்கியது. வீட்டில் பெண் செய்யும் கூலியில்லா உழைப்புக்கு அங்கீகாரம் என்று அரசே அறிவித்த திட்டம் என்பதால், மற்றவற்றைவிட இதை அளப்பதில் ஒரு வசதி உண்டு: எதைச் சாதிக்க வந்தது என்று அதுவே சொல்லிவிட்டது. ஆயிரம் ரூபாயில் ஆண் பெண் உறவா மாறிவிடும் என்று சிலர் சிரிக்கிறார்கள். மாறாமல் போகலாம். ஆனால் தன் மருந்துக்குக் கணவனிடம் கேட்கும் நிலை மாறியதா, சுயஉதவிக் குழுத் தவணைக்கு வெளிவட்டிக் கடன் குறைந்ததா, வீட்டு உழைப்பில் ஆணின் பங்கு சற்றேனும் கூடியதா என்பவை ஆயிரம் ரூபாய்க்கு உகந்த கேள்விகளே. குடும்ப அட்டைக்கு ஒருவருக்குத்தான் தொகை என்பதால், மாமியாரும் மருமகளும் ஒரே அட்டையில் இருந்தால் ஒருவர் பெறுகிறார், மற்றவர் பெறுவதில்லை. அடுப்படி வேலை அதிகம் யாருக்கு, தொகை யாருக்கு என்பது இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று எந்த விதியும் இல்லை. நீ களத்துக்குப் போகும்போது அப்படிப்பட்ட வீடுகளைத் தனியாகப் பொறுக்கி எடு. இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்காதே. வினாத்தாளும் இரண்டு, கேட்கும் நேரமும் இரண்டு. ஆறு மாதம் கழித்து அதே இருவரிடமும் மறுபடி போய்க் கேள்.