எட்டுக் குதிரையும் ஏ4 வீதியும்

லைசன்ஸ் கைக்கு வந்த மறுநாளே பாலமுனைப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இந்த பைக் ஏன் இழுக்குதில்ல?" ஹொண்டா சி90 காலத்திலிருந்து ஏ4 வீதியில் ஓடி வருகிறேன். சொல்லக்கூடியதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

1. உங்கள் பைக்கின் பலம் எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் 100 சீசீ வரைக்கும் ஏ1, அதற்கு மேல் ஏ என்று லைசன்ஸில் இரண்டு வகை. பஜாஜ் சீடி100 போன்ற ஒன்று சுமார் 8 குதிரைவலு தரும். பல்சர் 150 என்றால் 14 அளவில். பிரித்தானியாவில் 19 வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கும் ஏ2 லைசன்ஸில் 35 கிலோவாட், அதாவது 47 குதிரைவலு வரைக்கும் ஓடலாம். அவர்கள் அதைத்தான் கட்டுப்படுத்திய பைக் என்கிறார்கள். அந்தக் கணக்குக்கு நம் ஊர் பைக்குகள் பிறக்கும்போதே கட்டுப்பட்டவை. பலத்தைக் குறைக்க யாரும் வாஷர் போட்டுக் காற்று வழியை அடைக்க வேண்டியதில்லை.

2. பலத்தைக் குறைத்தால் அது எங்கே குறைகிறது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். லண்டனில் இருக்கும் என் மருமகன் ஏ2 பைக் எடுத்த புதிதில் போனில் சொன்னான்: "மாமா, சிக்னல்ல இருந்து கிளம்பேக்க வித்தியாசமே தெரியல்ல. மேல போனாத்தான் சுவர்ல முட்டின மாதிரி நிக்குது." காரணம் லேசானது. காற்று போகும் வழியில் சின்னத் துளையுள்ள வாஷர் வைப்பார்கள், அல்லது அக்சிலேட்டர் முழுதாகத் திறக்காமல் தடுப்பார்கள். இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அதற்குக் கொஞ்சக் காற்றே போதும், அதனால் தடை தெரியாது. வேகமாகச் சுற்றும்போதுதான் மூச்சு முட்டும். ஜப்பானில் 2025 ஏப்ரலிலிருந்து 50 சீசீ லைசன்ஸ் உள்ளவர்கள் 125 சீசீ வரையான பைக்கையும் ஓடலாம், பலம் 4 கிலோவாட்டுக்குள் இருந்தால். அப்படி அடக்கிய பெரிய இஞ்சினுக்கு உச்ச வேகம் இராது, ஆனால் கிளம்பும் இழுவை 50 சீசீயைவிடத் தாராளம். நம் 100 சீசீயை யாரும் அடக்கவில்லை, அது பிறவியிலேயே அப்படித்தான். சின்ன உடம்பு, சின்ன மூச்சு.

3. இதுதான் முக்கியம். மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பலம் குறைந்த பைக்கில் பெரிய ஆபத்து வேகத்தில் இல்லை, முந்துவதில் இருக்கிறது. ஒலுவில் தாண்டி நிந்தவூர்ப் பக்கம் போகிறீர்கள், முன்னால் கல்முனை பஸ் 50இல் போகிறது. நீங்கள் 60இல் அதை முந்தப் பார்க்கிறீர்கள். வித்தியாசம் மணிக்கு 10 கிலோமீற்றர், அதாவது ஒரு செக்கனுக்கு 3 மீற்றர்கூட இல்லை. பஸ்ஸின் நீளம் 12 மீற்றர் என்று வையுங்கள். பின்னாலிருந்து விலகி, முன்னால் போய் இடைவெளி விட்டுத் திரும்ப 38 மீற்றர் அளவு முன்னேற வேண்டும். அதற்கு 13, 14 செக்கன் பிடிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் ரோட்டில் ஓடியிருப்பது கிட்டத்தட்ட 230 மீற்றர். எதிரே 60இல் வரும் வேனும் அதே 230 மீற்றர் வந்திருக்கும். ஆகவே 450 மீற்றருக்கு மேல் வெறும் ரோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போங்கள். அது காரைதீவில் எப்படியும் நிற்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வாலிபத்தில் நெல் மூட்டை ஏற்றிய டிரக்டர் ஒன்றை முந்தப் போய் நடு வழியில் இஞ்சின் சோர்ந்துவிட்டது. எதிரே லொறி. முறுக்க மிச்சம் ஒன்றும் இல்லை, அக்சிலேட்டர் ஏற்கனவே கடைசியில் நின்றது. வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்ணில் இறங்கி விழுந்தேன். இடது முழங்கால் இன்றும் மடக்கும்போது வலிக்கிறது. பலமான பைக்கில் அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் முறுக்கித் தப்பலாம். நம்முடையதில் அந்த மிச்சத்தை முன்கூட்டியே ரோட்டில் தேட வேண்டும்.

4. காற்றைக் கணக்கில் எடுங்கள். 60இலிருந்து 80க்குப் போனால் காற்றைக் கிழிக்க மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் பலம் வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது காரைதீவிலிருந்து சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் போய்ப் பாருங்கள். வயல்வெளியில் காற்று நேர் முகத்தில். டொப் கியரில் போகும் பைக் மூன்றாவதுக்கு இறங்கச் சொல்லும், இறக்குங்கள். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். அப்போது வரும் வேகம் உங்கள் இஞ்சினுடையது என்று நினைத்துவிடாதீர்கள்.

5. பின்னால் ஆள் ஏறினால் பைக் வேறு பைக். நீங்களும் பைக்கும் சேர்ந்து 170 கிலோ என்றால், உம்மாவோ கூட்டாளியோ ஏறியதும் 230. இழுவையில் நாலில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். மூன்றாவது அறிவுரையில் சொன்ன தூரத்தையும் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று பேர் ஏறவே கூடாது.

6. கியரை முதலே இறக்குங்கள். சின்ன இஞ்சின் தன் முழுப் பலத்தை 7500 சுற்று அளவில்தான் காட்டும். டொப் கியரில் முக்கவிட்டு முறுக்குவதால் சத்தம்தான் வரும்.

7. எயார் பில்டரைக் கழற்றுவது, சைலன்சரில் துளை போடுவது, இரண்டும் வேண்டாம். காற்று கூடி பெற்றோல் கூடாவிட்டால் கலவை வறண்டு சூடேறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கடற்கரை மணல் சும்மா விடாது, பில்டர் இல்லாத இஞ்சினுக்குள் நேரே போய் சிலிண்டரை அரைத்துவிடும். கிடைப்பதோ அரைக் குதிரைகூடத் தேறாது. அதைவிடச் செயினுக்கு எண்ணெய் போடுங்கள், டயரில் காற்றுப் பாருங்கள். பைக் இழுப்பது உங்களுக்கே தெரியும்.

8. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூஆர் கோட்டாவில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். முறுக்கி ஓடியவர்களுக்கு வியாழனுக்கு முன்னமே டாங்கி காய்ந்தது. 45, 50இல் ஒரே சீராக ஓடியவர்கள் வெள்ளி ஜும்ஆவுக்கும் பைக்கில் வந்தார்கள். பலம் குறைந்த இஞ்சின் தரும் பரக்கத் அது. அந்தக் கோட்டா முடிந்த பிறகும் இந்தப் பழக்கத்தை விட எனக்கு மனம் வரவில்லை.

9. அறுவடைக் காலத்தில் ரோட்டோரம் நெல் காயும், மஃரிபுக்குப் பிறகு மாடு படுத்திருக்கும். 8 குதிரை பைக்கும் இவற்றில் மோதும். டிரம் பிரேக்கை நம்பி 70இல் வராதீர்கள்.

10. நாளை சுபஹ் தொழுது, வெளிச்சம் வந்த பிறகு களியோடைப் பக்கம் ரோடு வெறுமையாக இருக்கும்போது போங்கள். டொப் கியரில் 40இலிருந்து முழுதாக முறுக்கி, 60 வரும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். பிறகு மூன்றாவது கியரில் அதையே செய்யுங்கள். இன்னொரு நாள் தம்பியைப் பின்னால் ஏற்றி எண்ணுங்கள், இரண்டு பேருக்கும் ஹெல்மெட்டுடன். அந்த மூன்று எண்களையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு என்னிடம் வாருங்கள். அதற்குப் பிறகு பஸ்ஸை முந்துவதைப் பற்றிப் பேசுவோம்.