கணவரும் பரிசோதனைக்குப் போகட்டும்

பல்லேபொலவில் வந்து குடியேறிய குடும்பங்களில், பிள்ளையில்லாக் குறை மனைவிமேல் சுமத்தப்படுவதையே காண்கிறோம். நேர்த்தி அவளுக்கு, நாட்டுமருந்தும் அவளுக்கு. கணவரை எவரும் கேட்பதில்லை.

விதைகளிலிருந்து இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் நாளங்கள் புடைத்துச் சுருள்வதே வெரிகோசீல். 100 ஆண்களில் சுமார் 15 பேருக்கு இது உண்டு, பலருக்குத் தீங்கில்லை. பிள்ளைப்பேறு தாமதிக்கும் ஆண்களிலோ 100க்கு 35 பேருக்கு மேல். பெரும்பாலும் இடப்பக்கமே: அந்த நாளம் சிறுநீரக நாளத்தில் செங்குத்தாகச் சேர்வதால், வாய்க்கால் மூலையில் நீர் தேங்குவதுபோல் இரத்தம் தேங்கும். சூடு ஏறும், விந்தணுக்கள் குறையும், அவற்றின் மரபுப்பொருளும் உடையக்கூடும். இவ்வுடைவை அளக்கும் முறைகளை உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் கைந்நூலில் சேர்த்தது. ஆயினும் முதற்படி சாதாரண விந்துப் பரிசோதனையே. அதற்குமுன் 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்க்க வேண்டும்.

தேவையானால் சத்திரசிகிச்சையில் நாளத்தைக் கட்டிவிடுவார்கள். பலன் உடனே தெரியாது. மூன்று மாத நெல்லைப்போல, விந்தணு விளையவும் காலம் பிடிக்கும். மாத்தளை அரச வைத்தியசாலையில் கட்டணமில்லை. இருவரும் சேர்ந்தே போங்கள்.