பலன் முக்கியமில்லையா? மெட்ரோ கட்டிய கர்மயோகி ஸ்ரீதரன்



கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதே. பகவத் கீதை 2ஆம் அத்தியாயம் 47ஆம் சுலோகத்தின் சாரம் இதுதான் என்று சமய வகுப்பில் சின்ன வயசிலேயே படிச்சிருப்போம். ஆனா இதை நாம எப்போ சொல்றோம்னு கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. தேர்வு சரியா எழுதலையா? பலனை எதிர்பார்க்கக் கூடாது. நாம நடத்துன நிகழ்ச்சி ஒரு மணி நேரம் தாமதமா? நம்ம கடமையைச் செஞ்சோம், அது போதும். வேலை சொதப்பும்போது சொல்லித் தப்பிக்கிற வார்த்தையா அதை ஆக்கிட்டோம்.

பொறியியல் படிக்கிற எனக்கு இதில் ஒரு கேள்வி உண்டு. பாலம் கட்டுகிறவர் பலனைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியுமா? பாலம் நிற்கணும். நிற்கலைன்னா உயிர் போகும். அப்போ ஒரு பொறியாளர் கர்மயோகியாக வாழவே முடியாதா?

முடியும் என்று வாழ்ந்து காட்டியவர் ஒருவர் இருக்கிறார். இந்தியாவில் 'மெட்ரோ மனிதர்' என்று அழைக்கப்படும் ஈ. ஸ்ரீதரன். அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலின் பெயரே 'கர்மயோகி'. இந்த மாதப் பாடத்துக்கு அவரையே எடுத்துக்கொள்வோம்.

46 நாட்கள்

ஸ்ரீதரன் 1932ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி, இன்றைய கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் பிறந்தார். காக்கிநாடா பொறியியல் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் படித்தார். 1954 கடைசியில் தென்னக ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார்.

பத்து வருஷம் கழிச்சு ஒரு பெரிய சோதனை வந்தது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு, ராமேஸ்வரம் தீவைப் பெரும்புயல் தாக்கியது. தனுஷ்கோடி ஊரே அழிந்தது. தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கடல் அலை அடித்துக்கொண்டு போனது. தீவை நிலத்தோடு இணைத்த பாம்பன் ரயில் பாலம், 146 கண்கள் கொண்ட சுமார் 2 கிலோமீட்டர் பாலம், பெரும்பகுதி சிதைந்துபோனது.

ரயில்வே நிர்வாகம் பாலத்தைச் சரிசெய்ய 6 மாதம் கெடு வைத்தது. ஸ்ரீதரனின் மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். பொறுப்பு 32 வயது ஸ்ரீதரன் கையில் வந்தது. கடலுக்குள் விழுந்து கிடந்த இரும்பு கர்டர்களைத் தேடி, தூக்கி, திரும்பப் பொருத்தினார்கள். வேலை முடிந்தது 46 நாட்களில்!

ராமேஸ்வரம் நமக்கெல்லாம் எப்படிப்பட்ட தலம் என்று சொல்லத் தேவையில்லை. யாத்திரை போகிறவர்களுக்கும் தீவு மக்களுக்கும் அந்தப் பாலம்தான் அப்போது உயிர்நாடி. அங்கே ஒவ்வொரு நாள் தாமதமும் யாரோ ஒருத்தரோட கஷ்டம்.

ஓய்வுக்குப் பிறகுதான் ஆரம்பம்

1990ல் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றார். நம்ம ஊர்ல ஓய்வு பெற்றவரிடம் இனிமே வீட்டில் இருங்கன்னு சொல்வோம். ஸ்ரீதரனுக்கு அப்போதுதான் கொங்கண் ரயில்வே பொறுப்பு வந்தது. மும்பை பக்கத்தில் உள்ள ரோஹாவில் இருந்து மங்களூர் வரைக்கும், மலையையும் ஆற்றையும் குறுக்கே கடந்து, 740 கிலோமீட்டர் தாண்டிய பாதை. 90க்கும் மேற்பட்ட சுரங்கங்கள், சின்னதும் பெரிசுமா 2,000 அளவில் பாலங்கள். இளகிய மண்ணில் தோண்டிய சில சுரங்கங்கள் திரும்பத் திரும்ப இடிந்து விழுந்தன. விடாமல் தோண்டினார்கள். 1998 ஜனவரியில் முழுப் பாதையிலும் ரயில் ஓடியது.

அதே 1998 அக்டோபரில் டெல்லி மெட்ரோ கட்டுமானம் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 66.

பின்னோக்கி ஓடிய கடிகாரம்

டெல்லி மெட்ரோ அலுவலகங்களிலும் கட்டுமான இடங்களிலும் ஒரு வகைப் பலகை இருக்கும். வேலை முடிய இன்னும் எத்தனை நாள் என்று அது காட்டும். தினமும் ஒன்று குறையும். உயரதிகாரி முதல் தொழிலாளி வரை எல்லார் கண்ணிலும் படும்.

இப்போ சொல்லுங்க, இவர் பலனைப் பற்றிக் கவலைப்படாதவரா?

வேலை நடக்கும் விதத்திலும் அதே கவனம். கட்டுமான இடத்தை விட்டு வெளியே போகும் லாரிகளின் டயரைக் கழுவித்தான் அனுப்புவார்கள். சேறு சாலையில் விழுந்து மற்றவர்கள் சிரமப்படக் கூடாது என்பதற்காக. முதல் ரயில் 2002 டிசம்பரில் ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையில் ஓடியது. 65 கிலோமீட்டர் முதல் கட்டம், குறித்த நாளுக்கு 2 வருஷத்துக்கும் மேல் முன்னதாகவே முடிந்தது.

அந்த ரயிலில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று கிடையாது. நீதிபதியும் கூலித் தொழிலாளியும் ஒரே குளிர்சாதனப் பெட்டியில் நிற்கலாம். பொதுப் போக்குவரத்துக்கு இப்படி ஒரு தர்மம் இருக்கு. கார் வாங்க வசதி இல்லாதவருடைய நேரமும், கார் வைத்திருப்பவருடைய நேரம் அளவுக்கே மதிப்புள்ளது என்று அது ஏற்றுக்கொள்கிறது. வேலை முடிச்சு எல்ஆர்டியில் வீடு திரும்பும் நம்ம அம்மா அப்பாவை நினைச்சுப் பார்த்தா இது புரியும்.

தோற்றுப்போன வாதம்

டெல்லி மெட்ரோவுக்கு எந்த அகலத்தில் தண்டவாளம் போடுவது என்று ஒரு சர்ச்சை எழுந்தது. உலகத்தில் பல மெட்ரோக்கள் பயன்படுத்தும் 1,435 மில்லிமீட்டர் அகலம் வேண்டும் என்பது ஸ்ரீதரனின் வாதம். இந்திய ரயில்வேயின் 1,676 மில்லிமீட்டர் அகலம்தான் என்று அரசாங்கம் 2000ல் முடிவு செய்தது. அவர் வாதம் தோற்றது.

நாமா இருந்தா என்ன செய்வோம்? என் பேச்சைக் கேட்கலை, இனி நீங்களே பார்த்துக்கோங்கன்னு ஒதுங்கியிருப்போம். இல்லாட்டி அரை மனசோட செய்வோம். அவர் தோற்ற முடிவையே தன் முடிவாக எடுத்துக்கொண்டு, அந்த முதல் கட்டத்தைத்தான் முன்கூட்டியே முடித்துக் கொடுத்தார். இரண்டாம் கட்டத்தில் சில பாதைகளுக்கு 1,435 மில்லிமீட்டர் அகலமே வந்தது. கீதை எதை விடச் சொல்கிறது என்பது இங்கேதான் எனக்குப் புரிகிறது. வேலையின் பலனை அவர் விடவில்லை. 'நான் சொன்னதுதான் நடக்கணும்' என்பதை விட்டார்.

2009 ஜூலை 12

அன்று தெற்கு டெல்லியின் ஜம்ருத்பூரில், கட்டிக்கொண்டிருந்த மெட்ரோ பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 6 பேர் உயிரிழந்தார்கள்.

விசாரணை முடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. ஒப்பந்தக்காரரைக் கைகாட்டவும் இல்லை. தார்மீகப் பொறுப்பு தன்னுடையது என்று சொல்லி, அன்றைக்கே பதவி விலகல் கடிதம் கொடுத்தார். டெல்லி முதல்வர் அதை ஏற்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டதால் மறுநாள் திரும்ப வேலைக்கு வந்தார். 2011 டிசம்பர் 31 வரை, 79 வயதில் ஓய்வு பெறும் வரை, பணியாற்றினார்.

போன உயிர்களை ஒரு கடிதம் திருப்பித் தராது. அதை நாம மறக்கக் கூடாது. ஆனாலும், பத்மஸ்ரீயும் பத்ம விபூஷணும் வாங்கிய ஒருவர், பழி வந்த நாளில் முன்னால் வந்து நின்றார் என்பதையும் மறக்கக் கூடாது.

நமக்கு என்ன பாடம்?

பலனை எதிர்பார்க்காதே என்பதற்கு நான் கற்றுக்கொண்ட பொருள் இது. பாலம் நிற்கணும், ரயில் நேரத்துக்கு வரணும் என்று கவலைப்படுவது கடமையிலேயே சேர்த்தி. விட வேண்டியது பாராட்டு, பெயர், என் பேச்சுதான் ஜெயிக்கணும் என்ற ஆசை. அதோடு, பலன் கெட்டுப்போனால் பொறுப்பை மட்டும் விடக் கூடாது.

தைப்பூசத்துக்கு நாம தண்ணீர்ப் பந்தல் போடுறோம். கடைசிக் குவளை மோர் கொடுத்ததும் கடமை முடிஞ்சதா? சாலையில் கிடக்கும் குவளைகளைப் பொறுக்கி முடிக்கும்போதுதான் முடியும். லாரி டயரைக் கழுவியதும் அதே தர்மம்தான்.

கலந்துரையாட

1. நம்ம மன்றத்தின் அடுத்த நிகழ்ச்சிக்கு ஒரு 'பின்னோக்கி ஓடும் கடிகாரம்' வைத்தால், அதில் எத்தனை நாள் எழுதுவீர்கள்? யார் கண்ணில் படும்படி மாட்டுவீர்கள்?

2. உங்கள் கருத்து தோற்றுப்போன ஒரு கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வேலையை முழு மனசோடு செய்ய உங்களுக்கு என்ன தேவைப்படும்?

3. ஒரு குழு வேலை தவறிப்போனால், தலைவர் பொறுப்பேற்பது மட்டும் போதுமா? வேறு என்ன செய்யணும்?

அடுத்த சந்திப்பில் உங்கள் பதில்களோடு வாங்க. சொன்ன நேரத்துக்கே வாங்க!