தெருவில் எடுக்கும் படம் ஏன் ஆடிப்போகிறது?

போன வருஷம் ஜொகூர் பாரு, ஜாலான் உங்கு புவானில் ஒரு பாட்டி மாலை கட்டிக்கொண்டிருந்தார். "படம் எடுக்கலாமா பாட்டி?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வீட்டில் வந்து பெரிதாக்கிப் பார்த்தால் முகமும் விரல்களும் கலங்கிக் கிடந்தன. சில மாதம் கழித்துப் போனபோது பாட்டி இல்லை, தவறிவிட்டார். "அந்தப் படம் இருக்கா தம்பி?" என்று அவர் மகன் கேட்டார். எனக்குப் பதில் சொல்லவே வாய் வரவில்லை.

தப்பு எங்கே? கேமராவை ஆட்டோவில் விட்டிருந்தேன். அஞ்சடி நடைபாதை நிழலில் அது ஷட்டரை 1/50 விநாடிக்கு இறக்கிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்க. சாதாரணமாக நடப்பவர் ஒரு விநாடியில் சுமார் 1.4 மீட்டர் போகிறார். 1/50 விநாடியில் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். 1/500 விநாடியில் 3 மில்லிமீட்டர்தான். பூத்தொடுக்கும் விரலும் அப்படித்தான், ஒரு நொடி நிற்காது.

அதனால் மூன்றையும் இந்த வரிசையில் முடிவு செய்யுங்கள்.

முதலில் ஷட்டர். பகலில் 1/500. இரவில் நின்று பேசுபவர்களுக்கு 1/125, நடப்பவர்களுக்கு 1/250.

இரண்டாவது அப்பெர்ச்சர். பகலில் எஃப்8. கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 18-இல் வைத்து, 2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்து, அதை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். சுமார் 1 மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை ஓரளவு தெளிவாக விழும். ஃபோகஸ் தேடி நேரம் போகாது. இரவில் எஃப்3.5-க்குத் திறந்தால் இந்தத் தெளிவு எல்லை சுருங்கிவிடும். அப்போது ஆட்டோ ஃபோகஸை முகத்தில் வையுங்கள்.

கடைசியில்தான் ஐ.எஸ்.ஓ. மேனுவல் முறையில் ஆட்டோ ஐ.எஸ்.ஓ. போட்டு, உச்ச அளவை 6400 என்று வைத்துவிடுங்கள். நல்ல வெயிலில் அது 100, 200-இல் நிற்கும். நிழலில் 800, 1600 என்று ஏறும். படத்தில் புள்ளி புள்ளியாக வருமே என்று பயப்படாதீங்க. புள்ளியைப் பிறகு கணினியில் குறைக்கலாம். ஆடிப்போன முகத்தை மீட்க முடியாது.

இன்னொன்று. தைப்பூசத்தில் காவடி எடுப்பவர், அருள் வந்து ஆடுபவர் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்காதீர்கள். அவர்களுடைய வழிபாடு நம் படத்தைவிடப் பெரியது. மற்ற இடங்களில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

இந்த வாரப் பயிற்சி: ஒரே நிழலில், நடந்து வரும் நண்பரை 1/50, 1/125, 1/500 என மூன்று முறை எடுங்கள். பெரிதாக்கிக் கண்களைப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்த பிறகு உங்கள் தாத்தா பாட்டியை எடுங்கள். அந்தப் படத்தை அச்சடித்து அவர்கள் கையிலேயே கொடுங்கள்.