பழைய டகோமாவுக்கு லாங் டிராவல் சஸ்பென்ஷன் போடலாமா?

கேள்வி: அரிசோனா மாநிலம் சாண்ட்லரில் இருக்கிறேன். போன வருடம் 2001 மாடல் டொயோட்டா டகோமா பிக்கப் ஒன்றை வாங்கினேன். வி6 எஞ்சின், ஃபோர் வீல் டிரைவ். முதல் ஓனர் பல வருடம் அதை ஒஹாயோவில் ஓட்டியிருக்கிறார். வாரநாட்களில் வேலைக்குப் போவதும் இதில்தான். வார இறுதியில் நண்பர்களோடு டொண்டோ தேசிய வனத்தின் மண்பாதைகளிலும் மணல் ஓடைகளிலும் சுற்றிவிட்டுக் கூடாரம் போட்டுத் தங்குவோம். கொஞ்சம் வேகம் எடுத்தாலே முன்பக்கம் ‘டங்’ என்று இடிக்கிறது, பின்பக்கம் துள்ளுகிறது. 3 அங்குல லிஃப்ட் கிட் போதும் என்கிறார் ஒரு நண்பர். செலவு செய்வதென்றால் லாங் டிராவலுக்கே செய் என்கிறார் இன்னொருவர். கையில் ஏழாயிரம் டாலர் வரை இருக்கிறது. எதைச் செய்வது?
– வாசகர், சாண்ட்லர்

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு உங்களுக்கு லாங் டிராவல் வேண்டாம். அதற்காக லிஃப்ட் கிட் வாங்கிவிடவும் வேண்டாம். முதலில் வண்டியின் அடிப்பாகத்தைச் சரிபார்த்து, பிறகு நல்ல ஷாக்கும் ஸ்பிரிங்கும் போடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

லிஃப்ட் வேறு, டிராவல் வேறு

லிஃப்ட் என்பது வண்டி நிற்கும் உயரம். டிராவல் என்பது சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையிலிருந்து முழுக்க மேலேறி முட்டும் நிலைவரை நகரும் தூரம். உங்கள் டகோமாவின் முன்சக்கரத்துக்குக் கம்பெனி கொடுத்தது ஏழெட்டு அங்குலம். ஷாக்கின் தலையில் ஒரு ஸ்பேசரைச் செருகினால் வண்டி உயரும், டிராவல் கூடாது. சக்கரம் நகரும் எல்லை மொத்தமாகக் கீழே தள்ளிப்போகும், அவ்வளவுதான். சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் ஆர்மும் பால் ஜாயின்ட்டும் தங்கள் எல்லையைத் தாண்டித் தொங்கி, முட்டி நிற்கலாம். நீங்கள் கேட்கும் ‘டங்’ அதுவாகவே இருக்கலாம்.

வீல் ஆர்ச்சுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாக்கின் மேல்முனைக்கும் அது பொருந்தும் கோபுரத்துக்கும் நடுவே தடிமனான உலோக வளையமோ பிளாஸ்டிக் கட்டையோ தெரிந்தால், பழைய ஓனர் ஏற்கெனவே ஸ்பேசர் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அதற்கு மேல் இன்னொரு லிஃப்ட் ஏற்றினால் நிலைமை மோசமாகும்.

லாங் டிராவல் யாருக்கு?

லாங் டிராவல் என்பது பாலைவனப் பந்தயத்திலிருந்து வந்த ஏற்பாடு. மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் 1967 முதல் நடந்துவரும் நெடும் பந்தயத்துக்கு முன், பாதையைப் படிக்க ஓட்டுநர்கள் அதே வழியில் வேறு ஒரு வண்டியை ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த வண்டிக்கு ‘ப்ரீரன்னர்’ என்று பெயர். 1998 மாடலில் டூ வீல் டிரைவ் டகோமா ஒன்றுக்கு டொயோட்டா வைத்த பெயரும் இதுதான். வரிசையாக வரும் மணல் மேடுகளின் மேல் வேகம் குறைக்காமல் பறப்பதுதான் அந்த வண்டிகளின் வேலை.

அதற்காகச் சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் இரண்டையும் நீளமானதாக மாற்றுவார்கள். ஒவ்வொரு பக்கமும் சக்கரம் 2 முதல் 3.5 அங்குலம் வெளியே தள்ளி நிற்கும். முன்பக்க டிராவல் 12, 13 அங்குலம்வரை போகும். ஆனால் ஆர்ம் நீண்டால் மற்ற கணக்குகளும் மாறும். உதாரணத்துக்கு, கீழ் ஆர்மின் நீளம் 14 அங்குலம், ஷாக் அதில் 8-வது அங்குலத்தில் பொருந்தியிருக்கிறது என்று வையுங்கள். சக்கரம் ஒரு அங்குலம் ஏறினால் ஷாக் சுமார் 0.57 அங்குலம் அமுங்கும். ஷாக் இருக்கும் இடத்தை மாற்றாமல் ஆர்மை 17.5 அங்குலமாக்கினால் அது 0.46 ஆகிவிடும். சக்கரத்தில் கிடைக்கும் ஸ்பிரிங் விறைப்பு இந்த விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பழைய விறைப்பு கிடைக்கவே ஒன்றரை மடங்குக்கு மேல் கடினமான ஸ்பிரிங் வேண்டும். ஷாக்கின் உள்ளமைப்பையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். ஆர்மை மட்டும் வாங்கி, ‘ஷாக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பது நடக்காது.

உங்களுடையது ஃபோர் வீல் டிரைவ் என்பதால் முன் ஆக்சில் ஷாஃப்டுகளும் நீள வேண்டும். அவற்றின் சிவி ஜாயின்ட் தாங்கும் கோணத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிச் சக்கரம் தொங்கினால் பூட் கிழியும், ஜாயின்ட் உடையும். இதோடு நீளமான டை ராடு, பிரேக் ஹோஸ், அகலமான ஃபைபர் கிளாஸ் ஃபெண்டர், ஷாக் கோபுரத்துக்கு வலுவூட்டும் தகடு, வெல்டிங் கூலி எல்லாம் சேரும். முன்பக்கத்துக்கு மட்டுமே உங்கள் ஏழாயிரம் கரைந்துவிடும். முன்னால் 13 அங்குலமும் பின்னால் பழைய லீஃப் ஸ்பிரிங்குமாக ஓட்டினால், மேட்டில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் எகிறி மூக்கு குத்தும். அந்த வேகத்தில் அது ஆபத்து.

முதலில் சேஸிஸ்

சுவர் இருந்தால்தான் சித்திரம். ஒஹாயோவில் குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் உப்புப் போடுவார்கள். உங்கள் தலைமுறை டகோமாவின் சேஸிஸ் உள்ளிருந்தே துருப்பிடிக்கும் என்பது ஊரறிந்த விஷயம். 1995 முதல் 2000 வரையான மாடல்களுக்கு 2008-ல் டொயோட்டா 15 வருட உத்தரவாதம் கொடுத்து, மோசமானவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பின்னர் 2001 முதலான மாடல்களுக்கும் திட்டம் வந்தது. உங்கள் வண்டிக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. எனவே செலவு உங்களுடையதுதான்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்பக்க லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடங்களையும் ஸ்டெப்னி தொங்கும் இடத்தின் இரு பக்கத்தையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். ‘கிண்’ என்று கேட்டால் இரும்பு இருக்கிறது. சத்தம் மந்தமாகி, துருச் செதில்கள் உதிர்ந்தால் அங்கே ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மேலே கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தால் இன்னும் கவனம் தேவை. விற்பதற்காகப் பூசியிருக்கலாம்.

அடுத்தது கீழ் பால் ஜாயின்ட். இந்த மாடலில் வண்டியின் பாரம் அதன் குண்டைக் குழியிலிருந்து வெளியே இழுக்கும் வாக்கில் அமைந்திருக்கிறது. தேய்ந்துபோனால் ஒரு நாள் கழன்று, சக்கரம் மடங்கிவிடும். 2005-ல் இதற்காகச் சில மாடல்களை டொயோட்டா திரும்ப அழைத்தது. டீலரிடம் வின் எண்ணைக் கொடுத்து விசாரியுங்கள். மாற்றிய விவரம் கிடைக்காவிட்டால் இரண்டு பக்கமும் அசல் பாகமே வாங்கி, புது போல்ட்டோடு மாற்றிவிடுங்கள்.

உங்கள் பணத்துக்கு ஏற்ற பட்டியல்

1. முன்பக்கம்: உயரத்தைச் சரிசெய்யக்கூடிய காயில் ஓவர் ஷாக். பில்ஸ்டீன் 5100 சிக்கன வழி. கரடுமுரடுப் பாதையில் நெடுநேரம் வேகமாக ஓடினால் எண்ணெய் சூடேறி ஷாக் தளரும். அதைத் தாங்க, தனி எண்ணெய்க் குப்பி உள்ள 2.5 அங்குல ஃபாக்ஸ் அல்லது கிங் பொருத்தமானது. உயரம் 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அலைன்மென்ட் சரியாக வராவிட்டால் மேல் ஆர்மை மட்டும் மாற்றினால் போதும்.

2. பின்பக்கம்: புது லீஃப் ஸ்பிரிங் செட், அதன் நீளத்துக்குப் பொருந்தும் ஷாக், புது பம்ப் ஸ்டாப். கூடாரம், தண்ணீர், ஐஸ் பெட்டி என்று வழக்கமாக எவ்வளவு எடை ஏற்றுவீர்கள் என்பதைக் கடைக்காரரிடம் சொல்லி வாங்குங்கள். துள்ளலுக்குப் பெரும்பாலும் காரணம் இங்கேதான்.

3. பிரேக்: பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி பிரேக் வால்வுக்குப் போகும். பின்பக்கம் உயர்ந்தால், வண்டி காலியாக இருக்கிறது என்று வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதற்கான பிராக்கெட்டை உயர்த்தச் சொல்லுங்கள். பல ஒர்க்ஷாப்பில் இதை மறந்துவிடுகிறார்கள்.

4. காசில்லாத வைத்தியம்: மண்பாதையில் நுழையும் முன் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அதிர்வு வெகுவாகக் குறையும். தார்ச்சாலைக்குத் திரும்பும் முன் நிரப்ப ஒரு சிறிய கம்ப்ரெஸர் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகும் லாங் டிராவல்தான் வேண்டுமென்றால்

முன்னும் பின்னும் சேர்த்துச் செய்யப் பணம் சேரும்வரை பொறுங்கள். பொருத்தும்போது ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கி வைத்துச் சக்கரத்தை அடிமுதல் நுனிவரை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, எங்கே உரசுகிறது, பிரேக் ஹோஸ் எங்கே இழுபடுகிறது, சிவி ஜாயின்ட் எந்த இடத்தில் இறுகுகிறது என்று கூடவே நின்று பாருங்கள். ஷாக்கும் ஜாயின்ட்டும் எல்லையைத் தொடும் முன்பே சக்கரத்தை நிறுத்த லிமிட் ஸ்ட்ராப் கட்டாயம். பல கிட்களில் ரப்பர் உறையுள்ள பால் ஜாயின்ட்டுக்குப் பதில் யூனிபால் வரும். அது புழுதியில் தேய்ந்து சத்தம் போடும், அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கும். தினமும் வேலைக்கு ஓட்டும் வண்டியில் இது பெரிய தொல்லை. மாற்றங்களை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள்.

நீங்கள் போவது ஓடைகளுக்கும் கூடாரம் போடும் இடங்களுக்கும்தான். மணல் மேட்டில் பறப்பதாக எழுதவில்லை. எனவே மேலே சொன்ன பட்டியல் உங்களுக்குத் தாராளம். ஆனால் சேஸிஸ் தேறவில்லை என்றால், ஒரு டாலர்கூட சஸ்பென்ஷனில் போடாதீர்கள். வேறு வண்டி பாருங்கள்.