கொம்பில்லாத தலைக்கவசம்

எல்ல – வெல்லவாய வீதியிலுள்ள இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைப் பார்க்க வரும் இருவரிடம் இராவணன் யார் என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கலாம். ஒருவருக்கு அவன் சீதையைக் கவர்ந்த அரக்கன். மற்றவருக்கு இலங்கையை ஆண்ட பேரரசன். 2019இல் விண்ணுக்குச் சென்ற இலங்கையின் முதலாவது செய்மதிக்கு ‘இராவணா-1’ என்றே பெயரிடப்பட்டது. கதையைச் சொல்பவர் மாறினால் பாத்திரமும் மாறிவிடுகிறது. இதனை ஒரு விளையாட்டின் மூலம் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1974இல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டில் நான்கைந்து பேர் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி முடிவெடுப்பர். பகடை பலனைத் தீர்மானிக்கும். மேடையும் ஒப்பனையும் இல்லாத கூத்து எனலாம். இவ்வகை விளையாட்டுகளில் வைக்கிங் சாயலுள்ள வீரனை ஏற்பவர் பலர் கொம்பு வைத்த தலைக்கவசம், கோடரி, கூச்சல் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றனர்.

உண்மையில் அந்தக் கொம்பு வைக்கிங்குகளுடையது அன்று. 1876இல் ஜேர்மனியில் மேடையேறிய வாக்னரின் இசை நாடகத்துக்கான உடையலங்காரமே அதனைப் பரப்பியது. 1943இல் நோர்வேயில் கிடைத்த வைக்கிங் காலத் தலைக்கவசத்தில் கொம்பே இல்லை. அம்மக்களுள் பெரும்பாலானோர் பயிர் செய்து, மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடாலயம் தாக்கப்பட்டதை எழுதி வைத்தவர்கள் தாக்கப்பட்ட தரப்பினரே. அவர்களது வேதனை உண்மையானது. ஆனால் கொள்ளையனின் வீட்டை அவர்கள் பார்த்ததில்லை.

அருகிருந்து பார்த்தவர்களுள் ஒருவர் நம் வரலாற்றைச் சேர்ந்தவர். 921இல் கலீபா அல் முக்ததிரின் தூதுக்குழுவுடன் பக்தாதிலிருந்து புறப்பட்ட அஹ்மத் இப்னு பழ்லான், வொல்கா நதிக்கரையில் ‘ரூஸ்’ எனப்பட்ட வணிகரைக் கண்டார். இவர்கள் வைக்கிங் வழிவந்தோர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பேரீச்ச மரம் போன்ற அவர்களது உயரத்தை வியந்தார். ஒரே கலத்து நீரில் பலர் முகம் கழுவிய அசுத்தத்தைக் கண்டித்தார். தலைவனின் உடலைக் கப்பலோடு எரித்த சடங்கையும் விரிவாக எழுதினார். வியப்பு வெறுப்பை மறைக்கவில்லை. வெறுப்பும் வியப்பை மறைக்கவில்லை.

அவர்களது வணிகத்துக்கு மண்ணும் சாட்சி சொல்கிறது. சுவீடனின் கொட்லாந்து தீவில் 1999இல் கிடைத்த ஸ்பில்லிங்ஸ் புதையலில் 14,000க்கும் அதிகமான நாணயங்கள் இருந்தன. பெரும்பாலானவை இஸ்லாமிய உலகின் திர்ஹங்கள்.

எனவே பாத்திரத்தைப் படைக்குமுன் சில கேள்விகளைக் கேட்போம். அவனது ஊரில் என்ன விளைகிறது? ஏன் கடலுக்குப் போகிறான்? வீட்டில் யார் காத்திருக்கிறார்? எதற்கு வெட்கப்படுவான்? நிலம் கிடைக்காத இளைய மகனொருவன் உரோமத் தோல் விற்கக் கப்பலேறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவன் பேசுவதற்கு ஏதோ இருக்கிறது. அதேவேளை, வைக்கிங்குகள் மனிதரைப் பிடித்து அடிமைகளாக விற்றதையும் மறைக்கலாகாது. நல்லவனாக மட்டும் காட்டுவதும் பொய்தான்.

பிற தெய்வங்களை வணங்கும் பாத்திரத்தைப் பேசலாமா எனப் பெற்றோர் தயங்கக்கூடும். அத்தயக்கம் நியாயமானதே. வணக்கத்தை நடித்துக் காட்டாமலே அவனது பயணத்தையும் பயத்தையும் சொல்லலாம். இப்னு பழ்லானும் அவர்களது சிலை வழிபாட்டை விவரித்தார், ஏற்கவில்லை.

இது விளையாட்டோடு முடிவதன்று. மேடை நாடகத்தில் ‘நானா’ வந்தால் தொப்பி, கடை, கொச்சைத் தமிழ். தோட்டத்துப் பெண் வந்தால் கூடை, கண்ணீர். சபை சிரிக்கிறது அல்லது இரங்குகிறது. நமக்கோ நெஞ்சில் முள் தைக்கிறது. அவையும் பிறர் நம் தலையில் வைத்த கொம்புகள்தாம். அந்த வலியை அறிந்த நாம், அடுத்தவரைப் படைக்கும்போது முதலில் அந்தக் கொம்பைக் கழற்றி வைப்போம்.